நந்தாதேவியின் வாசலில் இருப்பவர்கள்

தில்லியில் இருக்கும் நம்மவர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஒன்று ஊர், இல்லாவிட்டால் பத்ரிநாத். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்துவிட்டால் பத்ரி நிச்சயம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் அது ஒன்று. வழியில் வரும் ஜோஷிமட்டைத்தான் திருப்பிரிதி என்று சொல்கிறார்கள், ஆக ஒரே பயணத்தில் இரண்டு சேவை. நானும் மூன்று முறை போய்விட்டேன். ஆனால் ஜோஷிமட்டிலிருந்து பத்ரி பக்கம் திரும்பாமல், கிழக்கே மலாரி சாலையில் 25 கிலோமீட்டர் போல போனால் ரேணி என்று ஒரு சின்ன கிராமம் வரும். நம் வேன்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. மலையேற்றத்தில் கொஞ்சமாவது ஆசை உள்ளவர்கள் அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரேணியில்தான் ரிஷிகங்கை வந்து தவுலிகங்கையில் கலக்கிறது. ரிஷிகங்கை எங்கிருந்து வருகிறது என்றால், நந்தாதேவியின் காலடியிலிருந்து. உயரம் 7,816 மீட்டர். நம் தொட்டபெட்டாவை மூன்று முறை அடுக்கினால் ஏறக்குறைய அவ்வளவு. கஞ்சன்ஜங்கா நேபாள எல்லையில் நிற்பதால், முழுக்க இந்தியாவுக்குள் இருக்கும் சிகரங்களில் இதுதான் உயரமானது.

இந்த மலையின் விசேஷம் அதன் உயரம் மட்டுமல்ல. சுற்றிலும் கோட்டைச் சுவர் மாதிரி சிகரங்கள். அந்தச் சுவரில் ஒரே ஒரு பிளவு, அது ரிஷிகங்கை அறுத்துக்கொண்டு வரும் பள்ளத்தாக்கு. 1883-இல் கிரஹாம் என்ற ஆங்கிலேயர் முயன்று திரும்பினார். லாங்ஸ்டாஃப் 1907-இல் பக்கத்துத் திரிசூலத்தில் ஏறினார், ஆனால் கோட்டைக்குள் இறங்கி நந்தாதேவியின் அடிவாரத்தைத் தொட முடியவில்லை. அடுத்து ரட்லெட்ஜ் பல முறை முயன்று பார்த்தார், அவருக்கும் வழி கிடைக்கவில்லை.

கடைசியில் 1934-இல் எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்ற இருவர். கூட ஆங் தார்க்கே, பாசங், குசங் என்ற மூன்று ஷெர்பாக்கள். அந்தக் காலத்துப் படையெடுப்பு போன்ற பெரிய குழுக்களோடு ஒப்பிட்டால் இது கையில் ஒரு மூட்டையோடு கிளம்பிய மாதிரிதான். செங்குத்தான பாறை விளிம்புகளில் வழி தேடித் தேடி, சாமான்களைத் திரும்பத் திரும்பச் சுமந்து, உள்ளே இறங்கிவிட்டார்கள். இன்று 'பேக்பேக்கிங்' என்று முதுகுப் பையோடு அலையும் எல்லோருக்கும் அந்த ஐந்து பேர் ஒரு விதத்தில் மூதாதையர்கள்.

1936 ஆகஸ்ட் 29-இல் டில்மனும் ஓடெலும் உச்சியில் நின்றார்கள். இருவருமே அந்த வருட எவரெஸ்ட் குழுவில் இடம் கிடைக்காதவர்கள்! எவரெஸ்டுக்குப் போனவர்கள் தோற்றுத் திரும்பினார்கள். 1950-இல் அன்னபூர்ணாவில் ஏறும்வரை மனிதன் உச்சி தொட்ட மிக உயரமான சிகரம் நந்தாதேவிதான்.

நிற்க. இதுவரை சொன்னது மலைக்கு வந்தவர்களின் கதை. அங்கேயே இருந்தவர்களின் கதைக்கு வருவோம்.

ரேணி, லாதா கிராமங்களில் இருப்பவர்கள் போட்டியா மக்கள். ஆடு மேய்ப்பதும் கம்பளி நெய்வதும் திபெத்தோடு வியாபாரம் செய்வதும்தான் இந்த மக்களின் பிழைப்பு. 1962 சீனப் போரோடு திபெத் எல்லை மூடியது, வியாபாரம் போயிற்று. 1965-இல் சீன அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க, அமெரிக்க உளவுத்துறையும் நம் உளவுத்துறையும் சேர்ந்து புளூட்டோனியத்தில் இயங்கும் கருவி ஒன்றை நந்தாதேவிக்குக் கொண்டுபோயின. பனிப்புயல் வரவே பாதி வழியில் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் கருவி இல்லை. 1978-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் இது அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

1974-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச் 26-ஆம் தேதி, ஆண்கள் நிலத்துக்கான இழப்பீடு வாங்க வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, ஏலம் எடுத்த காட்டை வெட்ட ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ரேணிக்கு வந்தார்கள். கௌரா தேவியும் 27 பெண்களும் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். சிப்கோ இயக்கம் என்று நாம் படிப்பதில் மிகப் பெரிய நாள் அதுதான். அதே வருடம் வெளிநாட்டு மலையேறிகளுக்கு நந்தாதேவி திறந்துவிடப்பட்டது. சுமை தூக்கும் வேலை கிடைத்தது. கூடவே குப்பையும் வந்தது, விறகுக்காகப் புதர்கள் வெட்டப்பட்டன, வேட்டையும் நடந்தது.

1982-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்து மொத்தமாக மூடினார்கள். 1988-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மூடியதால் செடிகொடிகள் மீண்டன, அதை மறுக்க முடியாது. ஆனால் மலையேறிகளுக்குப் போக வேறு சிகரம் இருந்தது, லாதாக்காரர்களுக்கு வேறு மேய்ச்சல் நிலம் இல்லை. குப்பை போட்டவர் ஒருவர், தண்டனை கட்டியவர் இன்னொருவர். 1998-இல் ஊர்க்காரர்கள் தடையை மீறி உள்ளே நடந்தார்கள். 2003-இல் ஒரு ஓரத்தை மட்டும் கொஞ்சம் பேருக்குத் திறந்தார்கள்.

மனிதக் கால் படக்கூடாது என்று மூடிய அதே ஆற்றில், ரேணிக்குப் பக்கத்திலேயே நீர்மின் நிலையம் கட்ட மட்டும் அனுமதி கிடைத்தது! 2019-இல் ஊர்க்காரர்கள் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி ரோன்டி சிகரத்தின் சரிவிலிருந்து பாறையும் பனியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது. ரிஷிகங்கை மின் நிலையம் அடித்துக்கொண்டு போயிற்று. 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். நந்தாதேவியில் தொலைந்த கருவிதான் காரணம் என்று ஊரில் சிலர் பேசினார்கள். விஞ்ஞானிகள் ஆராய்ந்து, இது பாறைச் சரிவு என்றார்கள். இருந்தாலும் அப்படி ஒரு சந்தேகம் அவர்களுக்கு வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அதே ஜூனில் சாலை அரித்துப் போய், கௌரா தேவியின் சிலையைக்கூட இடம் மாற்றினார்கள்.

அடுத்த முறை பத்ரிக்குப் போகும்போது ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரேணி, லாதா பக்கம் போய்விட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு ஷிப்டன், டில்மன் கதையைச் சொல்லுங்கள், அது சொல்ல வேண்டிய கதைதான். கௌரா தேவியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலைக்கு நடக்கப் போனால் உள்ளூர் ஆளையே வழிகாட்டியாக வைத்து, கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கை மட்டும் மறக்காமல் தில்லிக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.