செவியும் எண்ணும்

காற்றில் பிறந்து காற்றிலேயே மறைவது ஒலி. அதனைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்த முதல்வர் தாமஸ் ஆல்வா எடிசன், ஆண்டு 1877. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒலியலையின் வடிவத்தையே தட்டிலும் நாடாவிலும் பதிந்து வந்தனர். ஊசி உரசத் தட்டுத் தேய்ந்தது. படியெடுக்குந்தோறும் நாடாவில் இரைச்சல் பெருகியது.

ஒலியை எண்களாக மாற்றும் முறை இக்குறைக்கு மருந்தாயிற்று. அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1937இல் தொலைபேசிக்கென எண்ணிய முறை அது. பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் இணைந்து வகுத்த குறுந்தட்டு 1982இல் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. மனிதச் செவிக்கு எட்டும் உச்ச அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 20,000. அதன் இருமடங்கிற்கு மேல் அளந்தால் அவ்வொலியை முழுமையாக மீட்கலாம் என்பது கணிதம் காட்டும் உண்மை.

ஆயினும் அவ்வளவு எண்களைச் சேமிக்க இடம் போதவில்லை. பேரொலியின் அருகே எழும் சிற்றொலி செவிக்குப் புலப்படாது. இவ்வியல்பைக் கொண்டு, கேளாதவற்றை நீக்கிச் சுருக்கும் எம்.பி.3 முறையை ஜெர்மனியில் கார்ல்ஹெய்ன்ஸ் பிராண்டன்பர்க்கும் பிறரும் உருவாக்கினர். பக்க இசையின்றிச் சூசன் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' பாடல் தொடக்கச் சோதனையில் சிதைந்து ஒலித்தது. அதனையே உரைகல்லாகக் கொண்டு முறையைத் திருத்தினர். நொடிக்கு 128,000 பிட் என்னும் அளவில் எம்.பி.3, குறுந்தட்டின் பதினொன்றில் ஒரு பங்கே இடங்கொள்ளும். அவ்வளவில் கூர்ந்து கேட்போர்க்குச் சில இடங்களில் குறை தென்படும்; இருமடங்காக்கினால் வேறுபாடு காண்பது அரிது.

மறுபுறம், குறுந்தட்டினும் நுண்ணிய பதிவுமுறைகள் 1999 முதல் விற்பனைக்கு வந்தன. மேயர், மொரன் என்னும் இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டோர் 554 முறை அவற்றையும் குறுந்தட்டுத் தரத்தையும் ஒப்பிட்டனர். சரியாக அடையாளங்கண்டவை 276. காசைச் சுண்டிப் பார்த்தாலும் இவ்வளவே கிட்டும்!

அவ்வாறாயின் எம்முறையும் ஒன்றுதானோ? அன்று. கேட்பது வேறு, காப்பது வேறு. எம்.பி.3இல் ஒருமுறை நீக்கியது மீண்டும் வாராது. சுருக்கியதையே மறுபடியும் சுருக்கினால் சிதைவு கூடும். 2001இல் வெளிவந்த ஃபிளாக் முறையோ ஓர் எண்ணையும் இழக்காமல் சுருக்குகிறது. முதியோர் சொல்லும் கதைகளையும் மாணவர் பாடும் செய்யுள்களையும் பதிந்து வைக்கும் ஆசிரியர்கள், மூலப்பதிவை இழப்பின்றிக் காத்து, வழங்குதற்கு மட்டும் சுருக்கிய படியைப் பயன்படுத்துதல் நலம். விதைநெல்லை உணவாக்குதல் உழவர் வழக்கமன்று.