பிராசஸருக்கு தெர்மல் பேஸ்ட்: எதை வாங்கணும், எவ்வளவு வைக்கணும்?

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவங்க பிராசஸருக்கு பல ஆயிரம் ரூபாய் செலவு பண்ணுவாங்க. ஆனால், சில நூறு ரூபாய் தெர்மல் பேஸ்ட்டை சரியாக வைக்காவிட்டால் அந்த பிராசஸர் முழு வேகத்தில் ஓடாது.

தெர்மல் பேஸ்ட் எதற்கு?

பிராசஸரின் மேல்மூடியும் கூலரின் அடிப்பகுதியும் வழவழப்பாகத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கும். அதில் சிக்கும் காற்று, வெப்பத்தைக் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பேஸ்ட்டின் வேலை. தாமிரத்தோடு ஒப்பிட்டால் பேஸ்ட்டும் வெப்பத்தை மிகக் குறைவாகத்தான் கடத்தும். அதனால் மெல்லிய படலம் போதும்.

வெப்பம் வெளியேறாவிட்டால்?

இன்டெல் 12 முதல் 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸும், ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரியும்தான் உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எதை வாங்கலாம்?

பிராசஸருடன் வரும் கூலரில் பெரும்பாலும் பேஸ்ட் ஏற்கனவே பூசப்பட்டிருக்கும். அப்படின்னா தனியாக வாங்க வேண்டாம். முதல்முறை அசெம்பிள் பண்றவங்களுக்கு மின்சாரம் கடத்தாத சாதாரண பேஸ்ட்டே பாதுகாப்பானது. 'லிக்விட் மெட்டல்' வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனா மின்சாரத்தையும் கடத்தும். மதர்போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகலாம். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் அலுமினிய அடிப்பகுதி கொண்ட கூலரில் பயன்படுத்தவே கூடாது.

எப்படி வைப்பது?

1. பழைய பேஸ்ட் இருந்தால், ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு பிசிறாத துணியால் துடைத்து, காயவிடவும்.

2. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கவும். பலரும் மறப்பது இதைத்தான்.

3. பிராசஸரின் நடுவில் சின்ன பட்டாணி அளவு பேஸ்ட் வைக்கவும். மூடி பெரியதாக இருந்தால் பெருக்கல் குறி போல மெல்லிய கோடுகளாக இடலாம்.

4. கூலரை நேராக இறக்கி, ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவும்.

கூடினால் ஆபத்தா, குறைந்தால் ஆபத்தா?

கொஞ்சம் கூடிப்போனால், கூலரின் அழுத்தத்தில் ஓரமாகப் பிதுங்கி வரும், அவ்வளவுதான். குறைந்தால் மூடியின் சில பகுதிகளில் பேஸ்ட் பரவாமல் வெப்பம் தேங்கும்.

கழற்றும்போது கவனம்

ஒருமுறை கூலரைக் கழற்றினாலே, பழையதைத் துடைத்துவிட்டு புது பேஸ்ட் வைக்கணும். ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட்டில், காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கி, பின்களை வளைத்துவிடலாம். கம்ப்யூட்டரை சிறிது நேரம் ஓடவிட்டு, ஆஃப் செய்து, சூடு ஆறும் முன் கூலரை லேசாகத் திருகியபடி எடுத்தால் இந்தச் சிக்கல் வராது.