பெட்டிக்குள் உறங்கிய கிழங்கு

லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தது ஒரு நவம்பர் மாதம். பின்வளவுக் கொட்டிலில் ஒரு மட்டைப் பெட்டி. உள்ளே காய்ந்த மணல், அதற்குள் வத்தாளங்கிழங்கு போல ஏதோ 11 குலை. கறிக்கா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"கறிக்கில்ல வாப்பா, டேலியாக் கிழங்கு. நிலத்துல விட்டா குளிருக்கு அழுகிப் போயிரும்."

நுவரெலியாவில் இந்தப் பூவைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதினம். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பெட்டி மனதை விடவில்லை, தேடிப் படித்தேன்.

டேலியாவின் தாயகம் மெக்சிக்கோ. ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்பின் மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் 1570களில் அங்கு சென்று, ஊர்மக்கள் வழங்கிய பெயர்களோடே செடிகளைப் பதிந்தார். டேலியாவும் அதில் அடக்கம். அவரது மூலப்பிரதிகள் 1671இல் எஸ்கோரியல் நூலகத் தீயில் எரிந்தன. (மொரொக்கோ சுல்தான் செய்தானிடமிருந்து பறிபோன அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் ஏராளமானவை சாம்பலானதும் அதே தீயில்தான். அது தனிக் கட்டுரைக்குரிய துயரம்.) நல்லவேளை, எர்னாண்டஸின் எழுத்தில் ஒரு பகுதி 1651இலேயே ரோமில் அச்சேறியிருந்தது. செடியோ 1789இல்தான் மட்ரிட் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. 1791இல் கவனில்லெஸ் அதற்கு சுவீடன்காரர் அந்திரேயாஸ் டாலின் பெயரைச் சூட்டினார்.

இதற்குப் பிறகு வரலாறு எழுதியோர் நிறங்களையும் அரண்மனைத் தோட்டங்களையுமே பேசுகிறார்கள். கொட்டிலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. மெக்சிக்கோ மலைநாட்டில் இந்தக் கிழங்கு உறங்குவது மழையற்ற காலத்தைக் கடக்க. மண் உறையும் குளிர் அதற்குப் பழக்கமில்லை. நீர் நிறைந்த உடம்பு, உறைந்தால் வெடித்துக் கூழாகிவிடும். ஆகவே ஐரோப்பியத் தோட்டக்காரன் ஒரு வறண்ட காலத்தைத் தன் கொட்டிலுக்குள் உண்டாக்க வேண்டியிருந்தது. முதல் உறைபனியில் இலை கறுத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுவார்கள். கிழங்கைக் கிண்டி எடுத்துத் தலைகீழாகக் காயவிடுவார்கள். தண்டு குழல் மாதிரி, அதில் தேங்கும் நீர் கழுத்தை அழுக்கிவிடும். பிறகு காய்ந்த மணல், 5 முதல் 10 பாகை செல்சியஸ் குளிர். ஈரம் கூடினால் அழுகும், வெப்பம் கூடினால் வற்றிச் சுருங்கும். இன்னொன்று: உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் இருக்காது. முளை வருவது தண்டோடு சேரும் கழுத்தில்தான். கழுத்து முறிந்தால் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தும் வீண். மகளின் முதல் வருஷக் கிழங்குகள் அப்படித்தான் போயினவாம்.

1872இல் மெக்சிக்கோவிலிருந்து ஒல்லாந்துக்கு ஒரு பெட்டி போனது. திறந்தால் எல்லாம் அழுகல். எறிந்துவிடாமல் கிளறிப் பார்த்ததில் ஒரேயொரு துண்டில் உயிர் இருந்தது. நட்டார்கள், இதழ் சுருண்டு கூர்த்த செக்கச்சிவந்த பூ வந்தது. அதற்கு மெக்சிக்கோ சனாதிபதி ஹுவாரெசின் பெயரை வைத்தார்கள். இன்று கள்ளி டேலியா என்று விற்கப்படும் வகைகள் அதன் வழி வந்தவை.

மே மாதம் மகள் கோல் எடுத்தாள். 11இல் 7 முளைத்திருக்கிறதாம்.