குதிரை மேல் ஏறிய மைக்

வீணைக்குக் குதிரை உண்டு என்று சொன்னால், சங்கீதத்தோடு பழக்கமில்லாத நண்பர்கள் சிரிக்கிறார்கள். குடத்தின் மேற்பலகையில் நின்றுகொண்டு தந்திகளை முதுகில் தாங்கும் சிறு மரத்துண்டுக்கு அதுதான் பெயர். அதன் தலையில் பித்தளைத் தகடு போர்த்தியிருக்கும். தந்தி அதிர்ந்தால் குதிரை அதிரும். குதிரை அதிர்ந்தால் பலகை அதிரும். பிறகு குடத்துக்குள் இருக்கும் காற்று அசையும். அதற்கப்புறம்தான் நாதம் நம் காதுக்கு வந்து சேருகிறது. அந்தப் பிரயாணத்தின் நடுவழியில் ஒரு மைக்கைக் கொண்டுபோய் ஒட்டினார்கள். ஏன் ஒட்டினார்கள், அதனால் வந்த லாப நஷ்டம் என்ன என்பதைத்தான் இங்கே கொஞ்சம் பார்க்கப் போகிறேன்.

நம் வாத்தியங்களில் வாசலுக்கு உரியவை உண்டு. வீட்டுக்குள்ளே இருக்க வேண்டியவையும் உண்டு. திருப்போரூர் மாட வீதியில் நாகஸ்வரம் எழுந்தால் தெருக்கோடி வரையில் கேட்கும். அதற்கு யார் தயவும் வேண்டாம். வீணை அப்படியல்ல. பலா மரத்துக் குடமும், மெழுகில் பதித்த 24 மெட்டுகளும், 7 தந்திகளுமாக அது கூடத்தில் உட்கார்ந்து பேசும் ஜாதி. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்க வித்வான்களே போய் அமர்ந்தார்கள். அங்கே வாத்தியம் மெதுவாகப் பேசியது. கேட்பவர்கள் அதைவிட மௌனமாக இருந்தார்கள்.

1930-களில் மைக் மேடைக்கு வந்தது. அதற்கு முன் பாடகர்கள் கடைசி வரிசை வரையில் தொண்டையை நம்பியே பாட வேண்டியிருந்தது. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) உச்ச ஸ்தாயியில் பாடி ஜனங்களை மயக்கினார். மைக் வந்தபின் ஆண்களின் சுருதி கட்டை கட்டையாக இறங்கியது. மெல்லிய சாரீரத்துக்கும் மேடையில் இடம் கிடைத்தது. ஆனால் வீணையின் பாடுதான் சங்கடமாயிற்று. எதிரே ஒரு மைக்கை நிறுத்தினால், அது வீணையைக் காட்டிலும் பக்கத்து மிருதங்கத்தைத்தான் ஆசையோடு வாங்கிக்கொண்டது!

இதே சங்கடத்தை அமெரிக்காவில் இன்னொரு வாத்தியம் அனுபவித்தது. அதன் பெயர் டபுள் பேஸ். ஆளைவிட உயரமான, நின்றுகொண்டே வாசிக்கும் ராட்சசப் பிடில். அதன் அடித் தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவைதான் அதிரும். உருவம் பெரிது, குரலோ டிரம்பெட்டுக்கு நடுவில் எடுபடாது. 1925-க்கு முன், பெரிய கூம்பின் முன்னால் உட்கார்ந்து இசைத்தட்டுப் பதிந்த காலத்தில், அதன் ஒலியைக் கூம்பு சரியாக வாங்காததால் பல சமயம் டியூபா என்ற ஊதுகுழலை அதன் இடத்தில் வைத்தார்கள். மின்சார மைக் வந்த பிறகும் அதை எங்கே பொருத்துவது என்பது பெரும்பாடு. பலகையில் வெட்டியிருக்கும் துவாரத்தின் அருகே வைத்தால் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். கழுத்தருகே வைத்தால் விரல் தட்டும் சத்தம் முந்தும். சிலர் மைக்கைத் துணியில் சுற்றிக் குதிரைக்குக் கீழே செருகிப் பார்த்தார்கள்.

எவரெட் ஹல் என்பவர் 1946-இல் வேறு ஒரு யுக்தி செய்தார். வாத்தியம் தரையில் ஊன்றி நிற்கும் முளையின் வழியாக மைக்கை உள்ளே ஏற்றிவிட்டார். ஒலி பெருக்கும் முளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கித்தான் 'ஆம்பெக்' என்ற கம்பெனிப் பெயர் பிறந்தது. 1951-இல் லியோ ஃபெண்டர் குடமே இல்லாத மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் சில படிகங்களில் என்று கியூரி சகோதரர்கள் 1880-லேயே கண்டிருந்தார்கள்; அந்தப் படிகத் துண்டைக் குதிரையிலே ஒட்டும் வழக்கம் பின்னால் பரவியது.

நம் வீணையிலும் 'கான்டாக்ட் மைக்' வந்து ஒட்டிக்கொண்டது. பலன் பெரியது. மீட்டிய ஒலி சட்டென்று மடியாமல் நீண்டு நின்றது. தந்தியை இழுத்து வாசிக்கும் கமகத்தின் கடைசி இழை கூடப் பின் வரிசைக்குப் போயிற்று. ஈமனி சங்கர சாஸ்திரியும் (1922–1987), அவர் சிஷ்யர் சிட்டி பாபுவும் (1936–1996), 'அந்த நாள்' (1954) படத்தை எடுத்த எஸ். பாலசந்தரும் (1927–1990) பெரிய மண்டபங்களை நிரப்பியது ஒலிபெருக்கியின் யுகத்தில்தான். நஷ்டமும் உண்டு. ஒட்டிய மைக் மரத்தின் நடுக்கத்தை வாங்கும். குடத்துக் காற்றின் மூச்சை வாங்காது. நகம் உராய்வதும் மெட்டில் விரல் வழுக்குவதும் சங்கீதத்துக்குச் சமமாக ஒலிக்கும். இது வீணையா, கிதாரா என்று ரஸிகர்கள் முணுமுணுத்தார்கள்.

படூரில் ஒரு கல்யாண வரவேற்பில் நான் பார்த்தேன். வாடகை ஒலிபெருக்கியை வீணையை நோக்கியே திருப்பி வைத்திருந்தார்கள். அதன் ஓசை திரும்பக் குடத்தில் போய் விழ, 'கூ'வென்று ஓர் ஊளை கிளம்பிற்று. வாசித்த அம்மாள் உள்ளங்கையால் பலகையை அமுக்கி, குழந்தையைத் தட்டி அடக்குவதுபோல் அடக்கினார். சாப்பாட்டுப் பந்தியில், "மைக் இல்லாமலே வாசிக்கலாமே அம்மா?" என்றேன்.

"வாசிக்கலாம் சார். வாசிச்சதே யாருக்கும் தெரியாது" என்றார்.

அந்தப் பதிலில் ஒரு ஜீவனப் பிரச்னை இருக்கிறது. கேட்காத வாத்தியத்தை யார் அழைப்பார்கள்? யார் குழந்தைக்குச் சொல்லி வைப்பார்கள்?

எதிர்க் கட்சிக்கும் ஒரு பெரியவர் உண்டு. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) மைக்கை விரும்பவில்லை. மைக் இல்லாத கச்சேரி வேண்டுமென்று பிடிவாதமே பிடித்தார். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை அப்பி, உள்ளங்கையால் அழுத்தி எழுப்பும் கும்கி, காதால் மட்டுமின்றி மார்பாலும் கேட்க வேண்டியது. அதை இரைச்சலாக்கிப் பரப்பினால் அந்தக் கைக்கு என்ன மதிப்பு?

இரண்டு கட்சியிலும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆயிரம் பேருக்கு வாசிக்கும்போது குதிரைமேல் மைக் ஏறட்டும். ஆனால் இருபது பேர் கூடும் கூடத்திலும் அதை ஏன் ஏற்ற வேண்டும்? சென்னையில் இப்போது எப்போதாவது மைக் இல்லாக் கச்சேரி நடக்கிறது. வாசகர்கள் ஒரு தடவை போய், வீணைக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் கேட்காதது போலிருக்கும். பிறகு மின்விசிறியை நிறுத்தச் சொல்லி நீங்களே எழுந்துவிடுவீர்கள்.