லீட்ஸில் கணினி இருந்த காலம்

மருத்துவரைக் கணினி விஞ்சிவிட்டது என்ற செய்தியை இன்று அடிக்கடி படிக்கிறோம். அச்செய்தியின் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

நோயறிதலின் தருக்கத்தை நிகழ்தகவுக் கணக்காக எழுதிவிட முடியும் என்று 1959இல் லெட்லியும் லஸ்டெட்டும் 'சயின்ஸ்' இதழில் வாதிட்டனர். அக்கருத்தை மருத்துவமனைக்குள் கொண்டுசென்ற முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர் டி டோம்பல். அவர் எடுத்துக்கொண்டது கடும் வயிற்றுவலி. வந்திருப்பது குடல்வால் அழற்சியா, துளைவிழுந்த இரைப்பைப் புண்ணா, தானே அடங்கிவிடும் வலியா? கணிப்புப் பிழைத்தால் வீணாக வயிற்றைத் திறக்க நேரும். அல்லது காத்திருக்கையிலேயே குடல்வால் வெடித்துவிடும்.

வலி எங்கே தொடங்கிற்று, எங்கே நகர்ந்தது, வாந்தி உண்டா, அழுத்தினால் எங்கே நோகிறது என்பனவற்றையெல்லாம் வரையறுத்த சொற்களில் குறித்துக் கணினிக்கு அளிக்க வேண்டும். முந்தைய நோயாளிகளின் தரவைக் கொண்டு, பேய்ஸ் தேற்றத்தின் வழியே, அது ஒவ்வொரு நோய்க்கும் உரிய நிகழ்தகவைக் கணக்கிடும். (இன்றைய பொருளில் இதனைச் செயற்கை நுண்ணறிவு என்றழைக்க எனக்குத் தயக்கமுண்டு. ஆயினும் அதன் மூதாதையருள் இதற்கு இடமுண்டு.)

1972இல் முடிவு வெளியாயிற்று. 304 நோயாளிகளில் கணினியின் கணிப்பு 91.8 விழுக்காடு சரி. மருத்துவக் குழுவின் மூத்தவருடையது 79.6. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர்.

என்னை நிறுத்தி வைத்தது அதே குழுவின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரை. ஆய்வு நடந்த காலத்தில் மருத்துவர்களே மேம்பட்டிருந்தனர்! அறுவைக்கு முன்பே வெடித்துவிட்ட குடல்வால்களின் பங்கு 36 விழுக்காட்டிலிருந்து 4ஆகக் குறைந்தது. தேவையற்ற அறுவைகளும் வெகுவாகக் குறைந்தன. 1972 ஆகஸ்டில் ஆய்வு முடிந்ததும் இவ்வெண்கள் பழைய நிலையை நோக்கித் திரும்பின. படித்த மருத்துவத்தை அதற்குள் யாரும் மறந்திருக்க முடியாது. கணினியோடு பேசுவதற்காக மேற்கொண்ட ஒழுங்கும், தம் கணிப்பின் சரிபிழை உடனுக்குடன் தெரியவந்த சூழலும் மருத்துவருக்கு உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினர்.

2025இல் போலந்திலிருந்து வந்த ஓர் ஆய்வை இதனருகே வைத்துப் படித்தேன். பெருங்குடலைக் கருவி செலுத்தி நோக்கும் பரிசோதனையில், பின்னாளில் புற்றாகக்கூடிய கட்டிகளைத் தேட அங்கே நான்கு மையங்களில் செயற்கை நுண்ணறிவு புகுத்தப்பட்டது. அதன்பின் அத்துணையின்றிச் செய்த பரிசோதனைகளில் கட்டிகள் கண்டறியப்பட்ட விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4ஆக இறங்கியிருந்தது. இது பதிவுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வுதான். காரணத்தை அது மெய்ப்பித்துவிடவில்லை. ஆனாலும் லீட்ஸில் எண்கள் பழைய இடத்துக்குத் திரும்பின, இங்கே பழைய இடத்துக்கும் கீழே சென்றன. லீட்ஸின் கணினிக்குக் கண் கிடையாது. மருத்துவர் கேட்டும் தொட்டும் அறிந்து சொன்னாலன்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இன்றைய மென்பொருளோ, மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கும் அதே திரையில், ஐயத்துக்குரிய இடத்தைத் தானே சுட்டிக்காட்டுகிறது.