ஹூக்ளியில் வலிக்காத கத்தி

ஹிப்னாடிசம்னு சொன்னதும் ஊசலாடுற கடிகாரமும், "தூங்கு... தூங்கு..."ங்கிற குரலும்தான் ஞாபகம் வரும். எல்லாம் சினிமா புண்ணியம்! இன்னைக்கு நான் உங்களை 1845-க்கு, வங்காளத்தின் ஹூக்ளி நகரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.

அப்போது அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கிடையாது. நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுக்க, டாக்டர் வேகமா வெட்டி முடிக்கணும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், மெஸ்மெரிசம் பற்றிப் படித்திருந்தார், நேரில் பார்த்ததில்லை. ஏப்ரல் 4 அன்று, விரைவீக்கத்தால் துடித்த ஒரு கைதியிடம் முயன்று பார்த்தார். அந்த ஆள் அசையாமல் உறங்கிப்போனார்.

அதன் பிறகு பெரிய பெரிய கட்டிகளையே இந்த முறையில் அகற்றினார். ஆனா, உறங்க வைத்தது பெரும்பாலும் அவர் இல்லை. இருட்டறையில், நோயாளியின் உடம்புக்கு மேலே மெதுவாகக் கையை ஓட்டியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளூர் உதவியாளர்கள். புகழ் எஸ்டெய்லுக்குப் போனது.

அரசு அமைத்த குழு 1846-ல் நேரில் பார்த்தது. சில நோயாளிகள் முகம் சுளித்தார்கள், உடம்பை முறுக்கினார்கள். விழித்ததும் வலியே இல்லை என்றார்கள். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். ஒரு கைதியோ ஏழை விவசாயியோ, வெள்ளைக்கார டாக்டர் முன்னாடி "வலிச்சுது சார்"னு சொல்லியிருக்க முடியுமா? அதே சமயம், எல்லாமே நடிப்புன்னும் தள்ளிவிட முடியாது. அவ்வளவு பெரிய கட்டியை வெட்டும்போது எத்தனை பேரால் நடிக்க முடியும்?

1846 நவம்பரில் கல்கத்தாவில் மெஸ்மெரிச மருத்துவமனையே திறந்தாங்க. ஆனால் ஒரு மாசம் முன்னாடியே, அக்டோபர் 16 அன்று, பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து மேடையேறிவிட்டது. மணிக்கணக்கில் ஆகும் வேலையை அது நிமிஷங்களில் முடித்தது. கல்கத்தா முயற்சி மங்கிப்போனது.

ஆனா விஷயம் செத்துப்போகலை. மெஸ்மர் சொன்ன காந்த சக்தியை பாரிஸ் குழு 1784-லேயே நிராகரித்திருந்தது. மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, இது சக்தி இல்லை, ஒன்றில் குவிந்த கவனம் என்று 1843-ல் எழுதினார். 'ஹிப்னாடிசம்' என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். இன்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு, 12 மாதம் மருந்து எடுத்தும் அடங்காத ஐபிஎஸ் குடல் தொந்தரவுக்கு ஹிப்னோதெரபியையும் பரிசீலிக்கச் சொல்கிறது.

அதனால யாராவது "ஒரே சிட்டிங், எல்லா நோயும் போயிடும்"னு விளம்பரம் பண்ணா, ஹூக்ளியை நினைச்சுக்கோங்க. வலிக்குதா இல்லையான்னு சொல்ற உரிமை, படுத்திருக்கிறவருக்கு முதல்ல இருக்கணும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!