செம்மர வழக்குகளும் ஜவ்வாதுமலை மக்களும்

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாதுமலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. வெளியூர்க்காரர்களுக்கு அது அருவியும் சிறு உயிரியல் பூங்காவும் உள்ள சுற்றுலாத்தலம். மலைக்கு மேலே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ், பட்டியல் பழங்குடியினர். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்த இம்மலையிலும், சித்தேரி, கல்வராயன் மலைகளிலும் வாழ்கிறார்கள். சாமை விளையும் மேட்டுநிலம் ஆண்டு முழுக்கச் சோறு போடாது. கூலிக்கு வெளியூர் போய்த்தான் ஆகவேண்டும். முதலில் சந்தனமரத்தின் பெயராலும் பிறகு செம்மரத்தின் பெயராலும் இச்சமூகம் விசாரணைக்கு முன்பே குற்றவாளியாக்கப்பட்டது.

பிறப்பை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காணும் வழக்கத்தை 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் எழுத்தில் பதித்தது. 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பல சாதியார் கைரேகை கொடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுத்து எழ வேண்டியிருந்தது. சட்டம் ஒழிந்து தலைமுறைகள் ஆகியும் அந்தச் சந்தேகம் ஒழியவில்லை.

அதற்குப் பெரிய சாட்சி தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஊராரை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். மறைத்த கட்டையைக் காட்டச் சொல்லி 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்புணர்ந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், குழந்தைகளோடு பெண்களைச் சேலம் சிறையில் அடைத்தார்கள். ‘கடத்தல்காரர் ஊர்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அரசு மறுத்தது, வெளியுலகமும் உடனே நம்பவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நடத்திய வழக்கால் விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மற்ற 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்திருந்தார்கள்.

சந்தனம் அரிதான பிறகு தரகர்களின் கண் செம்மரத்தின் மீது விழுந்தது. ஆந்திரத்தின் சேஷாசலம் காடுகளையும் அவற்றை ஒட்டிய மலைகளையும் தவிர வேறெங்கும் இயற்கையாக அதிகம் வளராத இம்மரத்துக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் நல்ல கிராக்கி. வெளிப்புற வெள்ளைக்கட்டையைச் செதுக்கித் தள்ளிச் சிவந்த வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். அதைத் தோளில் சுமந்து இரவோடிரவாகப் பள்ளத்தாக்கு இறங்க வேண்டும். கோடரி பழகிய மலைவாசிகளைத் தரகர்கள் தேடிவந்தது இதற்குத்தான். முன்பணம் கொடுத்து வண்டி ஏற்றுபவரின் பெயர் எந்த வழக்கிலும் எளிதில் வருவதில்லை. பிடிபடுபவர் வெட்டுபவரே.

2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அது மறுக்க முடியாத கொடுமை. அதன்பின் தமிழகத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்து, 2016இல் திருப்பதி நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள்.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே ஆந்திரச் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக்கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். கல்லும் கோடரியும் வீசித் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. தப்பிவந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னது வேறு: கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் பயணி இருந்ததால் தன்னை அந்தக் கூட்டத்தோடு சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்றார் ஒருவர். ஆறு பேரின் உடல்களுக்கு நீதிமன்ற உத்தரவின்படி மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன. அவர்கள் கல்வராயன் மலைப்பக்கத்தார்.

2015இல் ஆந்திர ஊடகங்களில் பலவும் இறந்தவர்களைக் ‘கடத்தல்காரர்’ என்றன. தமிழகத்தில் அவர்கள் ‘தமிழர்’ ஆனார்கள். ஆந்திரப் பேருந்துகள் மறிக்கப்பட்டன, அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் ஆந்திர முதலமைச்சராயிருந்த சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். இரு பக்கத்திலும் காணாமல்போனது பழங்குடி என்ற உண்மை. இதே மக்களை வாச்சாத்தியில் வேட்டையாடியது தமிழ்நாட்டு அரசின் சீருடைதான் என்பதைச் சாலை மறியல் செய்தவர்களில் எத்தனை பேர் நினைத்தார்கள்? நியூயார்க்கில் 1989இல் சென்ட்ரல் பார்க் வன்புணர்வு வழக்கில் கறுப்பின, லத்தீன் சிறுவர்கள் ஐவரை ஊரே முன்கூட்டிக் குற்றவாளிகளாக்கியது. 2002இல் தீர்ப்பு ரத்தானது. அங்கே தோலின் நிறம் செய்ததை இங்கே பிறந்த மலை செய்கிறது.

2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தாமே வாச்சாத்திக்குச் சென்று பார்த்த பிறகு, 2011 தண்டனைகளை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும், அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். சம்பவம் நடந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.